வயிற்று வலியும் மூளைப் படமும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். பேச்சு தமிழில் இருக்க வேண்டும். திரையில் எதுவும் போடக் கூடாது. முதல் நிபந்தனையில் எனக்குச் சந்தோஷம். இரண்டாவதைப் படித்ததும் திகைத்துப் போனேன். நான் பேச ஒப்புக்கொண்ட பொருளே படங்கள்தான்: நாள்பட்ட குடல் கோளாறு உள்ளவர்களின் மூளையை எடுத்த படங்கள். சாம்பல் நிற மூளைக்குள் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுகள் தெரியும் அந்தப் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பிறகு யோசித்தேன். 'ரொம்பப் படம் காட்டாதே' என்று நம் ஊரில் சொல்வதுண்டே, அறக்கட்டளையின் நிறுவனர் அதை நினைத்துத்தான் எழுதினாரோ என்னவோ! படம் இல்லாமலே பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். வயது நாற்பதுக்குள். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் பதினோரு ஆண்டு ரிப்போர்ட்டுகள். எண்டோஸ்கோப்பி இரண்டு, கொலனோஸ்கோப்பி ஒன்று, சி.டி. ஸ்கேன் ஒன்று, அல்ட்ராசவுண்ட் எத்தனை என்று அவருக்கே கணக்கில்லை. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: நார்மல். அவருக்கு அடிவயிற்றில் வலி, உப்புசம், காலையில் மூன்று நான்கு முறை ஓட்டம். சென்னைக்குப் போவதென்றால் பஸ்ஸில் ஏற மாட்டார், ரயில்தான். ரயிலில் கழிப்பறை இருக்கிறது.

"எல்லாரும் ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க சார். ஒண்ணுமில்லைன்னா எனக்கு ஏன் வலிக்குது?"

கேட்டுவிட்டு, பையின் பக்கவாட்டிலிருந்து நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். குடல் நோய்க்காரர்களின் மூளையில் மாற்றம் என்று தலைப்பு. "மூளையில ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா சார்?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் அன்று ஐந்து நிமிடத்தில் ஏதோ சொல்லி அனுப்பினேன். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். இன்று ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

அவருக்கு இருந்த நோயை எரிச்சல் குடல் நோய் என்று பாடநூல்கள் எழுதும். நோயாளிகள் ஐ.பி.எஸ். என்பார்கள். தமிழில் எழுதினால் காவல்துறை அதிகாரியின் பட்டத்துக்கும் இதற்கும் எழுத்து வேறுபாடே இல்லை. நோயாளி ஒருவரின் மாமியார் சீட்டில் இதைப் படித்துவிட்டு, மருமகன் பரீட்சை எழுதப் போகிறாரா என்று கேட்டதாகச் சொன்னார்கள். நோயோ அவ்வளவு கௌரவமானதில்லை. கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலிக்கு மூன்றில் இரண்டேனும் பொருந்த வேண்டும்: மலம் கழிப்பதோடு தொடர்பு, மலம் போகிற தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம். ரோம் அளவுகோல் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட வரையறை இதுதான். இதில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் நோயைக் கண்டறிய முடியும்.

2021இல் வெளியான ஓர் ஆய்வு 33 நாடுகளில் 73,000 பேருக்கு மேல் விசாரித்தது. இணையவழி விசாரித்த நாடுகளில், இந்த நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஏதாவது ஒரு கோளாறு பத்தில் நான்கு பேருக்கு இருந்தது. அஜீரணம், நாள்பட்ட மலச்சிக்கல், உப்புசம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஐ.பி.எஸ். மட்டும் என்றால், அதே நாடுகளில் நூற்றுக்கு நான்கு பேர். இந்தக் கோளாறுகளுக்கு முன்பு 'செயல்சார் கோளாறுகள்' என்று பெயர். 2016இல் பெயரை மாற்றி, குடல்-மூளை ஊடாட்டக் கோளாறுகள் என்று ஆக்கினார்கள். பெயர் மாறியதற்கு முக்கியமான ஒரு காரணம் மூளைப் படங்கள்.

சித்த மருத்துவத்தில் குன்மம் என்று ஒரு சொல் உண்டு. உடலையும் உள்ளத்தையும் குன்ற வைப்பதால் குன்மம் என்று விளக்கம் சொல்வார்கள். அதை ஐ.பி.எஸ்.ஸோடு நேராகப் பொருத்திக் காட்டும் வேலையில் நான் இறங்கவில்லை. குன்மத்துக்குள் பல நோய்கள் அடங்கும். ஆனால் பெயர் வைத்தவர் நோயாளியின் முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்.

வயிற்றுக்கும் மனத்துக்கும் உறவு உண்டென்பதை மருத்துவர்கள் வந்து நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, பயம் நீங்கினால் வயிற்றில் பால் வார்க்கிறது. மருத்துவர்கள் செய்தது, அதைக் கண்ணால் பார்த்ததுதான். பார்ப்பதற்கு முதலில் ஓர் ஓட்டை தேவைப்பட்டது. 1822 ஜூன் மாதம் அமெரிக்காவின் மக்கினாக் தீவில், விலங்குத் தோல் வியாபாரம் நடந்த ஒரு கடையில், துப்பாக்கி தவறி வெடித்து அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் இடப்பக்கம் சிதறியது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அவரைப் பிழைக்க வைத்தார். காயம் ஆறியது, இரைப்பைக்குள் போகும் ஓட்டை மட்டும் மூடவில்லை. போமண்ட் இறைச்சித் துண்டைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து வெளியே எடுத்துப் பார்த்தார். கோபத்திலும் கலக்கத்திலும் இரைப்பையின் உட்சுவர் நிறம் மாறுவதையும் செரிமானம் கெடுவதையும் 1833இல் வெளியிட்ட நூலில் எழுதினார். செயின்ட் மார்ட்டினை வீட்டு வேலைக்காரராகவும் வைத்துக்கொண்டு இந்தச் சோதனைகளைச் செய்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த மனிதர் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குக் கிளம்பிப் போனதில் எனக்கு வியப்பில்லை.

எக்ஸ்ரே கண்டுபிடித்த ஓரிரு ஆண்டுகளில், வால்டர் கேனன் என்ற ஹார்வர்டு மாணவர் பூனைக்குப் பிஸ்மத் கலந்த உணவு கொடுத்து அதன் இரைப்பை அசைவதைப் பார்த்தார். பூனை மிரண்டபோது அசைவு நின்றது. சாந்தமானதும் மறுபடி தொடங்கியது.

இவர்கள் எல்லோரும் வயிற்றின் பக்கமிருந்து பார்த்தவர்கள். மறுமுனையைத் தொட்டவர் மான்ட்ரியாலில் இருந்த வைல்டர் பென்ஃபீல்டு. வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும்போது நோயாளியை விழித்திருக்க வைத்து, மூளையை மின்முனையால் தொட்டுத் தொட்டு, என்ன தோன்றுகிறது என்று கேட்பார். மூளையின் பக்க மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பகுதிக்கு இன்சுலா என்று பெயர். இலத்தீனில் தீவு என்று பொருள். அதைத் தொட்டபோது குமட்டுகிறது என்றார்கள், வயிற்றில் ஏதோ செய்கிறது என்றார்கள். 1955இல் இது கட்டுரையாக வந்தது. வயிற்றில் யாரும் கை வைக்கவில்லை, ஆனாலும் வயிற்றில் உணர்ந்தார்கள்.

இனி பலூனுக்கு வருகிறேன். இந்தத் துறையில் பாதி ஆய்வுகள் பலூனால் ஆனவை. 1973இல் ரிச்சி என்ற ஆய்வாளர், பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்துக் காற்றை ஏற்றினார். 60 மில்லி, அதாவது நாம் காபி குடிக்கும் டம்ளரில் பாதியளவு ஏற்றியபோது, நோயில்லாதவர்களில் 6 சதவீதத்தினர் வலிக்கிறது என்றார்கள். குடல் எரிச்சல் உள்ளவர்களில் 55 சதவீதத்தினர் சொன்னார்கள். பலூன் அதேதான், காற்றும் அதேதான். அப்படியானால் வேறுபாடு குடலில் இருக்கிறதா, குடலிலிருந்து மூளைக்குப் போகிற பாதையில் இருக்கிறதா, மூளையிலேயே இருக்கிறதா? இந்தக் கேள்வி இருபத்தைந்து ஆண்டுகள் அப்படியே கிடந்தது. விழித்திருக்கும் மனிதரின் மூளை வேலை செய்வதை, மண்டையைத் திறக்காமல் பார்க்க வழி வர வேண்டியிருந்தது.

அந்த வழி முதலில் பெட் ஸ்கேனாக வந்தது. அடுத்து எஃப்.எம்.ஆர்.ஐ. 1990இல் செய்ஜி ஒகாவாவும் அவருடைய சகாக்களும் காட்டிய விஷயம் எளிமையானது. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் ஆக்சிஜன் இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மூளையில் ஓரிடம் சுறுசுறுப்பானால் அங்கே புதிய ரத்தம் பாயும். அந்தச் சிறு வேறுபாட்டை இயந்திரம் பிடித்துக்கொள்ளும். வேறுபாடு ஓரிரு சதவீதம்தான், அதுவும் ஐந்தாறு விநாடி தாமதமாக. நீங்கள் பார்த்த மஞ்சளும் சிவப்பும் மூளையின் நிறமல்ல. கணக்குப் போட்ட பிறகு கணினியில் பூசுகிற வண்ணம்.

சோதனைக்குப் படுக்கிறவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன்னதாக எனிமா கொடுத்துக் குடலைக் காலி செய்திருப்பார்கள். மலக்குடலில் மெல்லிய குழாய், அதன் நுனியில் பலூன். குழாயின் மறுமுனை ஒரு பம்பில். பம்பைக் கணினி இயக்கும். தோள் இடிக்கிற அளவு குறுகலான குகைக்குள் தலை அசையாதபடி பஞ்சு வைத்து அடைத்துவிடுவார்கள். இயந்திரம் நூறு டெசிபலைத் தாண்டித் தட்டும், உறுமும். அந்த நிலையில் பலூன் உப்பும். எவ்வளவு வலிக்கிறது என்று விரலால் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறவே அஞ்சுகிற என் நோயாளி இதற்குக் கையெழுத்துப் போடுவாரா? போட மாட்டார். நோய் முற்றியவர்கள் பலர் இந்த ஆய்வுகளுக்குள் வரவே வாய்ப்பில்லை என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

1997இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு முதல் முடிவை வெளியிட்டது. சில்வர்மனும் எமரன் மேயரும் அதில் இருந்தார்கள். நோயாளிகள் ஆறு பேர், நோயில்லாதவர்கள் ஆறு பேர். வலியை உணரும்போது மூளையின் முன் சிங்குலேட் என்ற பகுதி நோயில்லாதவர்களிடம் இயங்கியது, நோயாளிகளிடம் இயங்கவில்லை. நோயாளிகளிடம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் இடப்பகுதி இயங்கியது. மூன்று ஆண்டு கழித்து, 2000இல், மெர்ட்ஸ் குழுவினர் எஃப்.எம்.ஆர்.ஐ. கொண்டு 18 நோயாளிகளையும் 16 நோயில்லாதவர்களையும் பார்த்தார்கள். அதே முன் சிங்குலேட், வலியின்போது நோயாளிகளிடம்தான் கூடுதலாக இயங்கியது என்றார்கள். அதாவது நேர் எதிர்.

மாணவர்கள் இந்த இடத்தில் சோர்ந்துவிடக் கூடாது. பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த ஆய்வு, இருட்டில் தீக்குச்சி கிழித்தது போல. ஏதோ இருக்கிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. 2011இல் டில்லிஷும் மேயரும் லேபஸும் 18 ஆய்வுகளைச் சேர்த்து மொத்தமாகக் கணக்குப் பார்த்தபோது கொஞ்சம் தெளிவு வந்தது. குடல் உணர்வு போய்ச் சேரும் இடங்கள் இரு சாராரிடமும் இயங்குகின்றன. நோயாளிகளிடம் அமிக்டலா முதலிய, அச்சத்தோடும் விழிப்போடும் தொடர்புள்ள இடங்கள் அடிக்கடி கூடச் சேர்ந்துகொள்கின்றன. நோயில்லாதவர்களிடம் நெற்றிக்குப் பின்னால் உள்ள, உணர்ச்சியை அடக்கி ஆளும் பகுதிகள் கூடுதலாக இயங்குகின்றன.

என்னை மிகவும் கவர்ந்தவை பலூன் உப்பும் நேரத்தைப் பற்றியவை அல்ல, உப்புவதற்கு முந்தைய சில விநாடிகளைப் பற்றியவை. 2008இல் பெர்மன் குழுவினர் பெண்களிடம் செய்த ஆய்வில், வலி வரப் போகிறது என்று முன்கூட்டியே ஒரு குறி காட்டினார்கள். நோயில்லாத பெண்களின் மூளையில் இன்சுலா, அமிக்டலா, மூளைத்தண்டு ஆகியவற்றின் இயக்கம் அந்தக் காத்திருப்பில் தணிந்தது. வருவது வரட்டும் என்று உள்ளேயே ஒரு கை குழாயைத் திருகிக் குறைத்துவிடுகிறது. ஐ.பி.எஸ். உள்ள பெண்களிடம் இந்தத் தணிப்பு குறைவாக இருந்தது. மூளைத்தண்டில் தணிப்பு எவ்வளவு குறைந்ததோ, அதற்கேற்றபடி வலி வந்தபோது மூளை பெரிதாகப் பதில் கொடுத்தது.

இதோடு நேலிபாஃப் குழுவின் 2006 ஆய்வைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர்கள் நோயாளிகளை ஓராண்டுக் காலம் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பலூன் சோதனை செய்தார்கள். போகப் போகப் பலூன் பழகிவிட்டது. வலி என்று சொல்வது குறைந்து, நோயில்லாதவர்களின் அளவுக்கே வந்துவிட்டது. மூளைப் படத்தை முதலுக்கும் முடிவுக்கும் ஒப்பிட்டால், இன்சுலாவும், உணர்வுச் சேதியைக் கடத்தும் தாலமஸும் முன்போலவேதான் இயங்கின. குறைந்தது அச்சத்தின் வட்டாரம். பலூனுக்குக் காத்திருந்த நேரத்திலும் அமிக்டலா அடங்கியிருந்தது. குடலிலிருந்து வந்த சேதி மாறவில்லை, அதைக் கேட்டுப் பதறுவது மாறிவிட்டது.

இங்கேயே கதையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. ஆய்வுக் கூடத்தில் பலூன் பழகிய அந்த நோயாளிகளுக்கு, வீட்டில் வருகிற வயிற்று வலி குறையவேயில்லை. பலூன் வலி ஒன்று, அன்றாட வலி ஒன்று. இதை மறந்துவிட்டுத்தான் பத்திரிகைகள் தலைப்பு வைக்கின்றன. நம் துறைக்காரர்களும் சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

படங்களை நம்புவதைப் பற்றி ஒரு மீன் கதை சொல்ல வேண்டும். கிரெய்க் பென்னட்டும் சகாக்களும் ஒரு சால்மன் மீனை எஃப்.எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். மீனின் மூளையில் ஓரிடம் இயங்குவதாகக் கணக்கு வந்தது. மீன் கடையில் வாங்கியது, செத்த மீன். ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அதற்கு உரிய திருத்தம் செய்யாவிட்டால், தற்செயலாகச் சில கட்டங்கள் 'இயங்கத்தான்' செய்யும் என்று காட்டுவதற்காகச் செய்தது. 2012இல் இக் நோபல் பரிசு வாங்கினார்கள். சிரித்துவிட்டு விட முடியவில்லை. 2016இல் எக்லண்டும் சகாக்களும் பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்களையே சோதித்து, சில அமைப்புகளில் பொய்யான கண்டுபிடிப்பு 70 சதவீதம் வரை போகலாம் என்றார்கள்.

எனவே பல ஆய்வுகளில் ஒரே திசையில் வந்ததை நம்புகிறேன். ஒற்றை ஆய்வில் எட்டுப் பேரிடம் ஒரு பகுதி மெலிந்திருந்தது என்பதைப் படித்துவிட்டு ஓரமாக வைக்கிறேன். ஒரு நோயாளியின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோயைச் சொல்ல முடியுமா என்றால், முடியாது. அந்த வண்ணத் திட்டுகள் ஒரு கூட்டத்தின் சராசரிக்கும் இன்னொரு கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். ஆண்களின் சராசரி உயரம் பெண்களுடையதைவிட அதிகம் என்பது உண்மை. அதை வைத்து, ஐந்தரை அடி என்று மட்டும் சொல்லி, ஆணா பெண்ணா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தயிர் வியாபாரத்தையும் தொட்டுவிட்டுப் போகிறேன். 2013இல் டில்லிஷ் குழுவினர், நுண்ணுயிர் சேர்த்த புளித்த பால் பானத்தை நான்கு வாரம் குடித்த பெண்களின் மூளை, உணர்ச்சி காட்டும் முகங்களைப் பார்க்கும்போது வேறு மாதிரி பதில் தருகிறது என்று எழுதினார்கள். மொத்தம் 36 பெண்கள். யாருக்கும் குடல் நோய் இல்லை. பணம் கொடுத்தது டானோன், பால் பொருள் விற்கும் நிறுவனம். அதைக் கட்டுரையிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள், நேர்மைதான். ஆனால் அந்தக் கட்டுரையைக் காட்டி, ஐ.பி.எஸ்.ஸுக்குக் குப்பி குப்பியாக வாங்கிக் குடியுங்கள் என்று சொல்பவர்கள் அந்த வரியை வாசிப்பதில்லை.

அப்படியானால் இந்தப் படங்களால் நோயாளிக்கு என்ன ஆயிற்று? என் கணக்கில் ஒரே ஒரு பெரிய காரியம் ஆயிற்று. 'எல்லாம் மனப்பிரமை' என்ற வாக்கியத்தை மருத்துவர் வாயிலிருந்து பிடுங்கியது. வலிக்கிறது என்று அவர் சொல்லும்போது, வலியைச் சுமக்கும் அதே பாதைகள் இயங்குகின்றன. அவர் நடிக்கவில்லை. மூளை சம்பந்தப்பட்டது என்றால் கற்பனை என்று அர்த்தமாகிவிடாது. பார்வையும் மூளையில்தான் நடக்கிறது. அதற்காக எதிரே வருகிற லாரி பொய்யாகிவிடுமா?

இது புரிந்தால் சில சிகிச்சைகளும் புரியும். 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல், வேறெதற்கும் கேட்காத 30 நோயாளிகளில் பாதிப் பேருக்கு, குடலை மையமாக வைத்த அறிதுயில் (ஹிப்னாசிஸ்) சிகிச்சையைச் செய்து பலன் காட்டினார். அப்போது சிரித்தவர்கள் உண்டு. இன்று வழிகாட்டு நெறிகளில் அது இடம்பெற்றிருக்கிறது. அமிட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரையை 10 முதல் 30 மில்லிகிராம் என்ற சிறு அளவில் இங்கிலாந்தில் 463 பேரிடம் சோதித்து, 2023இல் முடிவு வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு நோயின் கடுமை குறைந்திருந்தது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவு இது. வலி நரம்புகளைத் தணிப்பதே நோக்கம்.

கட்டைப்பைக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்ததும் இதுதான், இரவில் 10 மில்லிகிராம். ஒரு மாதம் கழித்து வந்தார். ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை. மருந்துக்கடையில் நின்ற பையன், "அண்ணே, இது டிப்ரெஷன் மாத்திரை. டாக்டர் உங்களை மெண்டல்னு நினைச்சுட்டார் போல" என்றிருக்கிறான். பையன் மீது எனக்குக் கோபமில்லை. ஐந்து நிமிடத்தில் அனுப்பியது நான்.

அன்று அவரை உட்கார வைத்து, பலூன் கதையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, அதைப் பையில் உள்ள காகிதங்கள் சொல்கின்றன. வலி இருக்கிறது, அதை நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டும் உண்மை. குடலிலிருந்து வருகிற சேதியை உங்கள் நரம்புகள் உரக்கச் சொல்கின்றன, இந்த மாத்திரை அந்தச் சத்தத்தைக் குறைக்கும். தூக்கம் வரும், வாய் உலரும், பழகிக்கொள்ள இரண்டு வாரம் ஆகும். மூளை ஸ்கேன் வேண்டாம். எடுத்தால் அதிலும் நார்மல் என்றுதான் வரும், பையில் இன்னொரு நார்மல் சேரும்.

அவர் சாப்பிட்டார். வெங்காயத்தையும் பூண்டையும் ஆறு வாரம் குறைத்துப் பார்த்தார், கொஞ்சம் உதவியது. வலி முழுதாகப் போகவில்லை. முன்பு வாரத்தில் நாலு நாள் இருந்தது, இப்போது மாதத்தில் நாலைந்து நாள். சென்னைக்கு இன்னும் ரயிலில்தான் போகிறார்.

முடிக்குமுன் அவையோருக்கு ஒரு வேண்டுகோள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக மாறிய மலப்போக்கு, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் - இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் இன்று பேசியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. இந்த வாரமே ஒரு குடல் மருத்துவரைப் பாருங்கள். கொலனோஸ்கோப்பி வேண்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.